சூட்டின் உச்சி

போனக்காட்டுத் தேயிலை பாக்டரியில், நசுங்கிய கொழுந்தைப் பரப்பிச் சிவக்க விடும் அறையில் அப்பாவுக்கு வேலை. காற்றுப்பட்ட கொழுந்து தானாகச் சூடேறும். ஓரிடத்தில் நின்று பிறகு இறங்கும். அதற்கு முன்பே டிரையருக்குள் போய்விட வேண்டும். "சூடு எறங்க விட்டா தேயிலை செத்துரும்லே" என்பார்.

அவருக்கு மோல் கணக்கு தெரிந்திருந்தது என்று பெருமை பேச மாட்டேன். அவர் தேடியது நேரத்தின் உச்சி. நான் கல்லூரி லேபில் தேடச் சொல்வது பங்கின் உச்சி.

கலப்பது இரண்டு கரைசல்களை. ஒன்று, சலவை ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட். மற்றொன்று, போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று வாங்கிய தயோசல்பேட், கொஞ்சம் காரம் கலந்தது. இரண்டும் ஒரே மோலாரிட்டி, ஒரே தொடக்கச் சூடு. மொத்தம் எப்போதும் 50 மி.லி.; பங்கு மட்டும் மாறும். சூடேற வேண்டிய தண்ணீர் கூடாமல் குறையாமல் இருப்பதால், ஏறிய டிகிரியே வினை எவ்வளவு நடந்தது என்று சொல்லிவிடும். ப்ளீச் 40, ஹைப்போ 10 என்று சேரும்போது உச்சம்: நாலுக்கு ஒன்று. வேறு எந்தப் பங்கிலும் ஏதாவது ஒன்று வினைபுரியாமல் மிஞ்சி நிற்கும். அளந்த புள்ளிகளில் உச்சி சிக்காமல் போகலாம் என்பதால் ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் நீட்டி, வெட்டுமிடத்தைப் பார்ப்போம்.

பாடப்புத்தகத்தில் இது 'ஜாப் முறை'. பால் ஜாப் 1928-இல் எழுதியது மெய்தான். ஆனால் அவர் அளந்தது கரைசல் ஒளியை உறிஞ்சுவதை, சூட்டை அல்ல. பங்கை மாற்றிப் பார்க்கும் யோசனையை ரஷ்யரான ஒஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி 1911-லேயே வெளியிட்டிருந்தார். செயற்கை ரப்பரில் பேர் வாங்கிய மனிதர்; எங்கள் விதுரா பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு ஆகாத ஆள்!

எனக்குப் பிடித்தவர் இவர்களுக்கெல்லாம் மூத்த ஹெஸ். 1840 வாக்கில் பீட்டர்ஸ்பர்க்கில், கந்தக அமிலத்தை விதவிதமாக நீர்க்கச் செய்து அம்மோனியாவோடு சேர்த்தார். நீர்க்கும்போது வந்த சூட்டையும் சேரும்போது வந்த சூட்டையும் கூட்டினால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தொகை. சூட்டை நம்பிக் கணக்கெழுதலாம் என்று காட்டியவர் அவர்தான்.

அவரிடம் இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு: சூட்டை எளிதில் வெளியே விடாத தெர்மோகோல் கப். 2020 ஜனவரியில் கேரளத்தில் தடை வந்த பிறகு பழைய கப்புகளைக் கழுவிக் கழுவி ஓட்டுகிறோம்.