வெந்தயம், பாகற்காய், அகர்-அகர்: இனிப்பு நீருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதை 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம். தோட்டமோ பட்டணமோ, இனிப்பு நீர் எட்டிப் பார்க்காத குடும்பம் இன்று அரிது. கூடவே புலனத்தில் சுற்றும் கைவைத்தியக் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. வெந்தயத் தண்ணீர் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்பதும் அவற்றில் ஒன்று.

பசியாற்றுவதோடு உடலுக்குக் குறிப்பிட்ட நன்மையும் தரும் உணவைச் ‘செயல்பாட்டு உணவு’ என்கிறார்கள். இந்தக் கருத்து 1980-களில் ஜப்பானில் உருவானது. 1991-இல் அந்நாடு இதற்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்தது. பெயர்தான் புதிது, பொருள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகிறதே, அதுதான் அதன் முக்கியச் சரக்கு. தண்ணீரில் கரையும் அந்த நார்ச்சத்து குடலில் கூழாகி, சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் பலர் ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறார்கள். நாரில் பெரும்பகுதி அந்த விதையோடு குப்பைக்குப் போகிறது. விதையையும் மென்று தின்பதோ, அரைத்துத் தோசை மாவில் சேர்ப்பதோ நல்லது. அளவும் கவனிக்க வேண்டியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்துக் கழக ஆய்வாளர்கள் 1990-களில் நடத்திய சோதனைகளில் நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை வெந்தயப் பொடி கொடுக்கப்பட்டது. ஒரு தேக்கரண்டி என்பது நாலைந்து கிராம்தான். அதிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

பாகற்காயின் கதை வேறு. அதிலுள்ள சில பொருள்கள் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் சொல்கின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை அலசிய காக்ரேன் குழு, மருந்தாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று 2012-இல் முடிவு சொன்னது. பொரியலாகவோ குழம்பாகவோ சாப்பிடுவதில் தடையில்லை. வெறும் வயிற்றில் குவளை நிறையச் சாறு குடித்துவிட்டு கிளிக்லசைடு போன்ற மாத்திரையையும் போடுவதில்தான் ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். கவனிக்காவிட்டால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

செடியிலிருந்து மருந்தே கிடைக்காது என்றும் யாரும் சொல்லவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் பூர்வீகம், ஐரோப்பியர் கைவைத்தியத்துக்குப் பயன்படுத்திய கலிகா என்ற செடிதான். அதன் மூலப்பொருளை வைத்துப் பாதுகாப்பான வேதிப்பொருளை உருவாக்கி, 1957-இல்தான் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டேர்ன் அதை நீரிழிவு மருந்தாக அறிவித்தார். அந்தச் செடியை அப்படியே மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன.

கடல்பாசிக்கு வருவோம். அகர்-அகர் என்பதே மலாய்ச் சொல். சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கப்படும் அந்தத் தூளில் பெரும்பகுதி நார்ச்சத்து. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது, அதனால் சர்க்கரையாகவும் மாறாது. வயிறு நிறைந்த உணர்வையும் தரும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூளே போதும். அதில் நூற்றைம்பது கிராம் சீனியும் ஒரு பொட்டலம் தேங்காய்ப் பாலும் சேர்ந்துவிட்டால், பாசியின் நன்மையைப் பேச என்ன இருக்கிறது? சீனி போடாமல் பாண்டான் இலை வாசத்தோடு உறையவைத்து, கொய்யாத் துண்டு சேர்த்துச் சாப்பிட்டால் தீபாவளிக்கும் ஒத்துவரும்.

சபாவில் செம்பூர்ணா பக்கம் வளர்க்கும் கடல்பாசியிலிருந்து கிடைக்கும் கேராஜீனனும் இதுபோல் உறையும் பொருள்தான். அங்குள்ளவர்கள் லாத்தோக் என்ற பாசியைப் பச்சையாகவே ஊறுகாய் போலத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கொம்பு போன்ற பழுப்புப் பாசிகளில் மட்டும் அயோடின் மிக அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

சமையலறையைவிடப் பெரிய சிக்கல், புட்டியில் வரும் ‘மூலிகை’ மாத்திரைகளும் பொடிகளும். 2008-இல் சிங்கப்பூரில் சுமார் 150 பேர் சர்க்கரை திடீரென இறங்கி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், நால்வர் இறந்தனர். அவர்களில் பலர் சாப்பிட்டது ஆண்மைக்கென்று விற்ற போலி மாத்திரைகளும் மூலிகை மாத்திரைகளும். அவற்றில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. பாசார் மாலாமிலோ இணையத்திலோ வாங்கிய ஒரு பொருள் மூன்றே நாளில் சர்க்கரையை இறக்கினால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவதே நல்லது.

மலேசியாவில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துகளுக்கு மால் என்று தொடங்கி டி எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் குடிக்கும் சாறு, பொடி எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியது.