குற்றஞ்சாட்டப்பட்டவரின் பக்கத்திலிருந்து நீதிபதி இருக்கைக்கு

அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு நீதிபதிகள் நெடுங்காலம் இரண்டு வாசல்கள் வழியாகவே பெரும்பாலும் வந்தார்கள்: ஒன்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் பணி, மற்றொன்று பெரிய சட்ட நிறுவனங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர்களில் அந்த இருக்கையை எட்டியவர்கள் மிகச் சிலரே.

பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் என்றொரு பதவி வேண்டும் என்று 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி நடந்த சட்ட மாநாட்டில் கிளாரா ஃபோல்ட்ஸ் வாதிட்டார். கலிஃபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 1914-இல் அதற்கென ஓர் அலுவலகத்தைத் திறந்தது. ஆனால் நாடு தழுவிய மாற்றத்துக்கு ஒரு கைதியின் மனு தேவைப்பட்டது. ஃபுளோரிடாவில் வக்கீல் இல்லாமல் விசாரிக்கப்பட்டு 5 ஆண்டு தண்டனை பெற்ற கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடும் குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963 மார்ச் 18-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வக்கீலுடன் நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார்.

கூட்டாட்சி நீதிமன்றங்களில் வாதாடும் வக்கீல்களுக்கு ஊதியம் வழங்க 1964-இல் சட்டம் வந்தது. 1970-இல் அது திருத்தப்பட்டபின் நிரந்தரத் தற்காப்பு அலுவலகங்கள் உருவாயின.

அலுவலகம் வந்தும் நீதிபதிப் பதவி ஏன் தொலைவில் நின்றது? விடை நியமன முறையிலேயே இருக்கிறது. மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது. தலைமைத் தற்காப்பு வழக்கறிஞரையோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 4 ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. இந்த ஏற்பாடு அவரை அரசியல் நெருக்கடியிலிருந்து காக்கிறது. ஆனால் நீதிபதிகளின் பெயரை முன்மொழிவது குடியரசுத் தலைவர், பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த மாநில செனட்டர்கள். அவர்களோடு பழக்கம் இல்லாதவர் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

ஜேன் கெல்லியின் நியமனம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அயோவாவில் 1994 முதல் தற்காப்பு வழக்கறிஞராக இருந்த அவரை, 2013-இல் ஒபாமா எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டாம் ஹார்கின் ஆதரித்தார். அதோடு, கெல்லி முன்பு உதவியாளராகப் பணிபுரிந்த நீதிபதி டேவிட் ஹான்சன், குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லிக்கு நெடுநாள் நண்பர், கிராஸ்லியும் ஆதரித்தார். வாக்கு 96-0. மூன்றே ஆண்டுகளில், உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் அடிபட்டபோது, அவர் யாருக்காக வாதாடினார் என்பதையே குற்றமாக்கித் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது.

தேர்தலில் வென்ற பைடனின் குழு, 2020 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி செனட்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் தற்காப்பு வழக்கறிஞர்களின் பெயர்களை வெளிப்படையாகவே கேட்டது. காத்திருந்த கதவு அப்போதுதான் திறந்தது. சிகாகோவில் தற்காப்பு வழக்கறிஞராக இருந்த கேண்டஸ் ஜாக்சன்-அகியூமி 2021-இல் 53-40 என்ற கணக்கிலும், பிலடெல்பியாவில் அதே பணியிலிருந்த அரியானா ஃப்ரீமன் 2022-இல் 50-47 என்ற கணக்கிலும் மேல்முறையீட்டு நீதிபதிகளானார்கள்.

2022 பிப்ரவரி 25-இல் கேடாஞ்சி பிரவுன் ஜாக்சனின் பெயர் உச்ச நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2005 முதல் 2007 வரை வாஷிங்டனில் தற்காப்பு வழக்கறிஞராக மேல்முறையீடுகளைக் கவனித்தவர் அவர். தமக்கு நடக்கும் சட்ட நடைமுறையே பல கட்சிக்காரர்களுக்குப் புரியவில்லை என்பதை அங்கே கண்டதால், பின்னர் விசாரணை நீதிபதியானபோது ஒவ்வொரு கட்டத்தையும் அவர்களுக்கு விளக்கியதாக 2021-இல் செனட் குழுவிடம் சொன்னார். அடுத்த ஆண்டு அதே குழுவில், பணி நிமித்தம் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குவாண்டனாமோ கைதிகளின் வழக்குகளுக்காகக் கேள்விகளைச் சந்தித்தார். ஏப்ரல் 7-இல் 53-47 என ஒப்புதல் கிடைத்தது. கூட்டாட்சித் தற்காப்பு வழக்கறிஞராக இருந்த ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானது அதுவே முதல் முறை.

96-0 எங்கே, 50-47 எங்கே! இந்த ஒன்பது ஆண்டுகளில் எல்லா நியமனங்களிலும் கட்சிப் பிளவு ஆழமானது என்பதும், 2013 நவம்பரில் கீழமை நியமனங்கள் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று விதி மாறியதும் இதற்குக் காரணங்கள். அந்த விதி மாறியிராவிட்டால் ஃப்ரீமன் நீதிபதியாகியிருப்பது கடினம்.