ஒரே ஒரு சுற்று

1984. அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்ன். ஃபோர்டு கார் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், ஒரு பொருளை உடைக்காமலே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வழி தேடினார்கள். ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர் அதற்கொரு கணக்குப் போட்டார்கள். கூம்பாக விரியும் கதிரில் ஒரே சுற்றில் எடுத்த படங்களிலிருந்து, பொருளின் முழு உருவத்தையும் மீட்டெடுக்கும் அருமையான கணக்கு. அது புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய்ச்சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

டெட்ராய்ட்டின் இன்னொரு புறநகர் ராயல் ஓக். அங்கே வில்லியம் போமான்ட் மருத்துவமனையில் ஒரு தீராத தலைவலி. அப்போதெல்லாம் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால், தோலில் பச்சை குத்திய புள்ளியை லேசர் கோட்டோடு பொருத்திப் படுக்கவைப்பார்கள். புள்ளி சரியாக இருக்கும், எலும்பும் சரியாக இருக்கும். புராஸ்டேட் இருக்காது! பின்னால் உள்ள மலக்குடலில் வாயு சேர்ந்தாலே சுரப்பி முன்னால் தள்ளப்பட்டுவிடும். சிகிச்சைக் கதிரிலேயே எடுத்த படத்தில் எலும்பு மங்கலாகத் தெரிந்தது. சுரப்பி தெரியவே இல்லை.

டேவிட் ஜாஃப்ரே, ஜான் வாங் குழுவினர் சிகிச்சை இயந்திரத்திலேயே, பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே குழாயை மாட்டினார்கள். சிடி ஸ்கேனர் போல அந்தக் கனத்த இயந்திரம் விறுவிறுவென்று சுழலாது. கிடைப்பது ஒரே சுற்று. ஃபோர்டுக்காரர்களின் கணக்கு கைகொடுத்தது. ஆனால் படம் பிடித்த சிசிடி கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை.

அதிர்ஷ்டம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லாரி ஆன்டோனுக் குழு, லேப்டாப் திரைக்குப் பயன்படும் அமார்ஃபஸ் சிலிக்கான் நுட்பத்தில் எக்ஸ்ரே வாங்கும் தட்டைப் பலகைகளை வளர்த்து வந்தது. அங்கே பயின்ற ஜெஃப்ரி சீவர்ட்சன் ராயல் ஓக்கில் வந்து சேர்ந்தார். கேமராவின் இடத்தில் பலகை வந்தது, படம் தெளிந்தது. 2000லும் 2002லும் கட்டுரைகள் வெளிவந்தன. சில மில்லிமீட்டருக்காக இவ்வளவு பாடா என்ற கேள்விதான் பாக்கி.

2005இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து பதில் வந்தது. 127 நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பார்த்தார்கள். திட்டமிடும் ஸ்கேன் அன்று மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியிருந்தது. கொடுத்ததோ 78 கிரே, உயர்ந்த அளவு. அன்று முன்னால் தள்ளப்பட்டிருந்த சுரப்பி, குடல் சுருங்கிய நாட்களில் பின்னுக்குப் போயிருக்க வேண்டும். கதிர் பழைய இடத்திலேயே பாய்ந்திருக்கிறது.

இன்று புராஸ்டேட் நோயாளி மேசையில் படுத்ததும், இயந்திரம் முதலில் ஒரு முறை அவரைச் சுற்றிவருகிறதே, அதுதான் கோன் பீம் சிடி. சுரப்பி இருக்கும் இடம் பார்த்து மேசையைச் சில மில்லிமீட்டர் நகர்த்திய பிறகே கதிர் பாய்கிறது. குடல் உப்பியிருந்தால் அவரை எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் எடுக்கிறார்கள்.