பள்ளி வாசலில் திரும்பிய வரலாறு



சில வாரங்களுக்கு முன்பு, என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு படத்தைக் காட்டி, அதில் கண்டதை ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொன்னேன். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ஓவியம் அது. வெண்ணிற ஆடை அணிந்த கறுப்பினச் சிறுமி ஒருத்தி கையில் புத்தகமும் அளவுகோலும் ஏந்தி நிமிர்ந்து நடக்கிறாள். அவளுக்கு முன்னால் இருவர், பின்னால் இருவர். அந்த நால்வரின் தலைகளும் ஓவியத்தில் இல்லை. தோள் வரையில்தான் தெரிகின்றன. பின்சுவரில் தக்காளி எறியப்பட்ட சிவப்புக் கறை. அச்சுவரில் எழுதப்பட்டிருந்த இழிசொல்லை மட்டும் நான் தாளொட்டி மறைத்திருந்தேன்.

மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "இந்தச் சிறுமி ஏதோ தவறு செய்துவிட்டாள். காவலர்கள் அவளைப் பிடித்துச் செல்கிறார்கள்."

"இல்லை, அவளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை. "பள்ளிக்கூடம் போறதுக்கா டீச்சர்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு பாட வேளையில் விடை சொல்லி முடிக்க இயலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் திருப்புமுனைகள் யாவை என்று கேட்டால், 1920இல் பெண்கள் பெற்ற வாக்குரிமை, 1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சி, 1941இன் பேர்ல் துறைமுகத் தாக்குதல் என்று பலவற்றை நூல்கள் வரிசைப்படுத்தும். ஆசிரியர் என்ற முறையில் என்னை நிறுத்தி வைப்பது 1954ஆம் ஆண்டின் பள்ளித் தீர்ப்பு. ஒரு நாளில் வழங்கப்பட்ட அத்தீர்ப்பு வகுப்பறைக்குள் நுழைய எத்தனை ஆண்டுகள் பிடித்தன, அதற்கு யார் யார் விலை கொடுத்தனர் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பேருந்தில் தொடங்கியது

1896ஆம் ஆண்டில் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கலாம், வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று கூறிவிட்டது. தென் மாநிலங்கள் அதில் 'பிரித்து' என்ற சொல்லை மட்டுமே எடுத்துக்கொண்டன. 'சமம்' என்ற சொல் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில், வெள்ளையினப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்துகள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் பல மைல் தூரம் நடந்தே பள்ளிக்குச் சென்றனர். 1949–50ஆம் கல்வியாண்டில் அங்கு ஒரு வெள்ளையின மாணவனுக்கு 179 டாலரும், ஒரு கறுப்பின மாணவனுக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. 1947இல் அவ்வூர்ப் பெற்றோர் கேட்டது இனப் பிரிவினை ஒழிப்பு அன்று, ஒரு பேருந்து. அதுவும் மறுக்கப்பட்டது.

ஊர்ப் போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலைன் அப்பெற்றோர்களைத் திரட்டினார். மனுவில் முதலில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் என்பவர் எரிபொருள் நிலையத்தில் பார்த்துவந்த வேலையை இழந்தார். டிலைன் ஆசிரியப் பணியை இழந்தார். பின்னர் அவருடைய வீடும் தேவாலயமும் தீக்கிரையாயின. எழுத்து மூலம் ஒரு வேண்டுகோள் வைத்ததற்கு அம்மக்கள் கொடுத்த விலை இது.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் நகரிலோ, முன்னின்றது பதினாறு வயது மாணவி. அங்கிருந்த மோட்டன் உயர்நிலைப்பள்ளி 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்களோ 450 பேருக்கும் மேல். மிகுந்தவர்களுக்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள் வகுப்பறைகளாயின. 1951 ஏப்ரல் 23ஆம் நாள் பார்பரா ஜான்ஸ் என்ற அம்மாணவி, பள்ளித் தலைமையாசிரியரை ஒரு தொலைபேசி அழைப்பின் வழி வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை மண்டபத்தில் கூட்டிப் பேசினாள். மாணவர்கள் அனைவரும் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினர். அவர்களும் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டடத்தைத்தான்.

தீர்ப்பும் தாமதமும்

இத்தகைய வழக்குகளைக் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் அவர்தம் குழுவினரும் உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றனர். கன்சாஸ் மாநிலத்தின் டொப்பீக்கா நகர வழக்கே தீர்ப்புக்குப் பெயர் தந்தது. அங்கு ஆலிவர் பிரௌன் என்பவரின் மகள் லிண்டா, வீட்டருகே பள்ளி இருந்தும் நடந்தும் பேருந்தில் ஏறியும் தொலைவிலுள்ள கறுப்பினப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் நடத்திய பொம்மை ஆய்வும் இவ்வழக்கில் பேசப்பட்டது. நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைச் சிறுவர்களிடம் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டனர். கறுப்பினப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். தொடக்கப்பள்ளியில் பணியாற்றும் எவரும் இதைப் படித்துவிட்டு எளிதில் கடந்துபோக முடியாது. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது எவ்வளவு இளம் பருவத்திலேயே உறுதியாகிவிடுகிறது!

1954 மே 17ஆம் நாள், தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையிலான ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கல்வியில் பிரித்து வைப்பது தன்னளவிலேயே சமமின்மை என்பது அதன் சாரம். ஆனால், மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் தீர்ப்பு இதனைச் செயற்படுத்த எந்தக் கெடுவும் விதிக்கவில்லை. நிதானத்தோடு கூடிய விரைவு என்ற பொருளில் அமைந்த அச்சொற்றொடரில், தென் மாநிலங்கள் நிதானத்தை எடுத்துக்கொண்டு விரைவைக் கைவிட்டன.

1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப்பள்ளிக்குள் நுழைய முயன்றனர். ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையைக் கொண்டு அவர்களைத் தடுத்தார். எலிசபெத் எக்ஃபோர்டு என்ற பதினைந்து வயது மாணவியின் வீட்டில் தொலைபேசி இல்லை. மற்றவர்கள் ஒன்றாகச் செல்லவிருந்த செய்தி அவளை எட்டவில்லை. கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே அவள் தன்னந்தனியாக நடந்தாள். இறுதியில் அதிபர் ஐசனோவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை அனுப்பிய பின்னரே பள்ளியின் கதவு திறந்தது. அடுத்த கல்வியாண்டில், பிள்ளைகளைக் கலந்து படிக்க விடுவதைவிட மூடுவதே மேல் என்று அந்நகரின் உயர்நிலைப்பள்ளிகள் மூடப்பட்டன.

பார்பரா ஜான்ஸின் ஃபார்ம்வில் நகரை உள்ளடக்கிய பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1959 முதல் 1964 வரை ஐந்தாண்டுகள் அம்மாவட்டத்தின் பொதுப்பள்ளிகள் அனைத்தும் மூடிக் கிடந்தன. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுள் பலர் பள்ளியே காணாமல் வளர்ந்தனர். முதலாம் ஆண்டுக்குச் செல்ல வேண்டிய பிள்ளை பல ஆண்டுகள் கழித்துத்தான் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறது என்றால், அந்த இழப்பை எந்தத் தீர்ப்பால் ஈடுசெய்ய முடியும்?

ஒரு மாணவி, ஓர் ஆசிரியை

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஓவியத்திலுள்ள சிறுமிக்கு ஊக்கமளித்த பிள்ளையின் பெயர் ரூபி பிரிட்ஜஸ். 1960 நவம்பர் 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள், கூட்டரசு அதிகாரிகளின் பாதுகாப்போடு அவள் நுழைந்தாள். அப்போது அவளுக்கு வயது ஆறு. வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினர். அவளுடைய தந்தை வேலையிழந்தார்.

அவளுக்குக் கற்பிக்க முன்வந்தவர் பாஸ்டன் நகரிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற வெள்ளையின ஆசிரியை. ஏறத்தாழ அவ்வாண்டு முழுவதும், வெறிச்சோடிய வகுப்பறையில் ஒரே மாணவி, ஒரே ஆசிரியை. வெளியே கூச்சல். உள்ளே எழுத்தும் எண்ணும் பாட்டும் உடற்பயிற்சியும். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பைச் சமாளிப்பது கடினம் என்று நாம் சொல்வதுண்டு. ஒரே ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும் அந்த வகுப்பை நினைத்துப் பாருங்கள்.

சட்டத்தோடு பணமும் சேர்ந்தபோது

தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கழிந்த பின்பும், தென் மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளுள் நூற்றுக்கு மூவர்கூட வெள்ளையினப் பிள்ளைகளோடு படிக்கவில்லை. நிலைமையை மாற்றியவை இரு சட்டங்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், இனப்பாகுபாடு காட்டும் அமைப்புகளுக்குக் கூட்டரசு நிதி இல்லை என்றது. 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம், பள்ளிகளுக்கு நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட கூட்டரசு நிதியை வழங்கியது. நிதி வேண்டுமா, கதவைத் திற என்பதே இவ்விரண்டும் சேர்ந்து சொன்ன செய்தி.

இரண்டிலும் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு முன்னாள் ஆசிரியர். 1928இல் டெக்சாஸ் மாநிலத்தின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். கல்விச் சட்டத்தில் கையெழுத்திட அவர் தெரிவு செய்த இடம், தாம் சிறு வயதில் படித்த ஓரறைப் பள்ளி. அருகில் அமர்ந்திருந்தவர் அவருடைய முதல் ஆசிரியை. 1980களின் இறுதியில் தென் மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் படித்தனர். 1990களில் நீதிமன்றங்கள் தங்கள் கண்காணிப்பைத் தளர்த்திய பின்னர் அவ்விகிதம் மீண்டும் சரிந்தது. திரும்பிய வரலாறு மறுபடியும் திரும்பக்கூடும் என்பதற்கு இது சான்று.

கணக்கில் வராத ஆசிரியர்கள்

இத்துடன் முடித்திருந்தால் இது வெற்றிக் கதையாகிவிடும். ஆனால், பலரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகள் இடம் மாறியபோது, கறுப்பினப் பள்ளிகளே பெரும்பாலும் மூடப்பட்டன. அங்குப் பணியாற்றிய ஆசிரியர்களுள் பல்லாயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தலைமையாசிரியர்கள் பலர் துணை ஆசிரியர்களாகத் தாழ்த்தப்பட்டனர். டொப்பீக்காவில் தீர்ப்பு வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1953இல், கல்வி அதிகாரியிடமிருந்து கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் சென்றது. பிரிவினை நீங்கினால், வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் கற்பிப்பதை ஊரார் விரும்பமாட்டார்கள். ஆகவே வரும் ஆண்டில் பணி இல்லை என்பதே அதன் பொருள்.

அவ்வாசிரியர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். டொப்பீக்காவின் கறுப்பினப் பள்ளிகளில் நல்லாசிரியர்கள் இருந்தனர் என்பதை அங்குப் படித்தவர்களே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கின்றனர். பிள்ளையின் வீட்டு நிலை அறிந்தவர்கள். 'உன்னால் முடியும்' என்று சொல்லி வளர்த்தவர்கள். தீர்ப்பு, பிள்ளைகள் அமரும் நாற்காலியைப் பற்றிப் பேசியது. கரும்பலகையின் முன் நிற்பவரைப் பற்றி யாரும் எண்ணவில்லை. புதிய பள்ளியில் நல்ல கட்டடமும் புதிய நூல்களும் கிடைத்த பிள்ளைக்கு, தன்னை நம்பிய ஆசிரியர் கிடைக்காமல் போன கதை அங்கே ஆயிரமாயிரம்.

இதனால் அத்தீர்ப்பு தவறாகிவிடாது. பிரித்து வைத்தல் ஒரு கொடுமை. அது ஒழிந்தே தீர வேண்டும். ஆயினும், ஒரு நல்ல மாற்றத்தைச் செய்யும்போதும் யாருடைய இழப்பைக் கணக்கில் எடுக்க மறந்தோம் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

பெற்றோர்களே, பிள்ளைக்காக நீங்கள் பள்ளியில் வைக்கும் எந்த வேண்டுகோளும் அற்பமானதன்று. கிளாரண்டன் பெற்றோர் கேட்டது ஒரு பேருந்துதான். அன்பு ஆசிரியர்களே, பள்ளியின் வளர்ச்சி பற்றிய கூட்டங்களில் கட்டடமும் கணினியும் தேர்ச்சி விழுக்காடும் பேசப்படும்போது, அவ்வகுப்பில் நிற்கப்போகும் ஆசிரியர் யார், அவர் அப்பிள்ளைகளை நம்புகிறாரா என்ற கேள்வியையும் தயங்காமல் எழுப்புங்கள்.

மறுநாள் அதே படத்தை வகுப்பில் மீண்டும் காட்டினேன். ரூபியின் கதையைக் கூறினேன். காவலர் பிடித்துச் செல்கிறார்கள் என்று எழுதிய மாணவன் தன் வாக்கியத்தை அடித்துவிட்டு, "இந்தச் சிறுமி பள்ளிக்குப் போகிறாள். உள்ளே ஓர் ஆசிரியை காத்திருக்கிறார்" என்று திருத்தி எழுதினான். ஓவியத்தில் அந்த ஆசிரியை இல்லை. அவனுக்கு அவர் தெரிந்துவிட்டார்.