ஜூனோ மின் நெருக்கடி (2008)

ஜூனோ மின் நெருக்கடி என்பது 2008 ஏப்ரல் 16 முதல் சுமார் 45 நாட்கள், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோ மலிவான நீர்மின்சாரத்தை இழந்திருந்த காலம். மின்கட்டணம் ஏறத்தாழ ஐந்து மடங்கானதும் மக்கள் பயன்பாட்டைப் பெருமளவு குறைத்ததால், வீட்டு மின்நுகர்வு ஆய்வுகளில் இது முக்கிய எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

சுமார் 30,000 பேர் வாழ்ந்த ஜூனோவுக்கு வெளியூர்ச் சாலையும் இல்லை. பிற நகரங்களோடு மின்தொடர்பும் இல்லை. தென்கிழக்கே உள்ள ஸ்னெட்டிஷாம் நீர்மின் நிலையமே அதன் பெரும்பகுதித் தேவையை நிறைவுசெய்தது. பனிச்சரிவில் அந்நிலையத்தின் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. டீசல் மின்னாக்கிகள் இயக்கப்பட்டதால் நகரம் இருளவில்லை. ஆனால், யூனிட்டுக்கு சுமார் 11 சென்ட்டாக இருந்த கட்டணம் 50 சென்ட்டைத் தாண்டியது.

வீடுகளின் எதிர்வினை

மின்சாரம் இன்றியமையாதது என்பதால், விலை சிறிதளவு ஏறும்போது வீடுகள் உடனடியாகப் பயன்பாட்டை அதிகம் குறைப்பதில்லை. ஜூனோவிலோ, உயர்ந்த கட்டண ரசீது கைக்கு வருமுன்பே சேமிப்பு தொடங்கிவிட்டது. தேவையற்ற விளக்குகள் அணைக்கப்பட்டன. குண்டு பல்புகளுக்குப் பதில் சிஎஃப்எல் விளக்குகள் வந்தன. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வேலையைக் கொடிக்கயிறு ஏற்றது. வெந்நீர்க் கொதிகலனின் வெப்பநிலையைக் குறைத்தனர். பயன்படாத கருவிகளின் பிளக்குகளைப் பிடுங்கினர். அலுவலகங்களும் கடைகளும் இம்முயற்சியில் இணைந்தன. முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட, நகரின் மின்நுகர்வு 25 சதவீதம் குறைந்தது.

விலை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. இடையூறு எதனால் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது தற்காலிகமானது என்ற நம்பிக்கையும் இருந்தது. எங்கே குறைக்கலாம் என்ற விவரமும் மக்களை விரைவாக எட்டியது.

பின்விளைவுகள்

மின்தடம் ஜூன் தொடக்கத்தில் சீரானது, கட்டணமும் இறங்கியது. அதன் பின்னரும் பயன்பாடு பழைய அளவுக்குத் திரும்பாமல் 8 சதவீதம் குறைவாகவே இருந்தது. மாற்றிய விளக்குகளும் படிந்த பழக்கங்களும் நிலைத்தன. 2009 ஜனவரியில் மற்றொரு பனிச்சரிவு அதே தடத்தை மீண்டும் துண்டித்தது.

வரம்புகள்

இந்த அனுபவத்தை விலையேற்றத்துக்கான நியாயமாகக் கொள்ள இயலாது. மின்சாரத்தால் வீட்டைச் சூடேற்றுவோரும் முன்பே சிக்கனமாக வாழும் ஏழைகளும் குறைப்பதற்கு அதிகம் இல்லாதவர்கள். ஐந்து மடங்குக் கட்டணம் அவர்களையே கடுமையாகத் தாக்கும். தெளிவான தகவலும் நலிந்தோருக்கான உதவியும் விலையோடு சேர்ந்து வரும்போதுதான் சேமிப்பு நியாயமானதாகிறது.