வகுப்பறைக்குள் திருவிழா

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணி ஏந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி, நாளுக்கு இருமுறை மறைக்கல்வி புகட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் வரைந்த மடலே இதைச் சொல்கிறது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையோர் செலுத்திவந்த 4000 பணம், அவரது முயற்சியால் உபதேசியார்களுக்கு ஊதியமாயிற்று. அரசியார் காலணிக்கு வேறு வழி பார்த்திருப்பார் போலும்! அந்தப் பள்ளியில் பாடவேளை வேறு, விழாவேளை வேறு என்ற பிரிவே எழவில்லை. செபமே பாடம், ஞாயிறன்று ஊரே கூடி அதை ஒப்புவித்தது. கூடியவர்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர் குலத்தார். 'இது எங்கள் சமயமன்று' எனச் சொல்லக்கூடிய பிள்ளை அவர்களிடையே இல்லை.

இன்று நம் பள்ளிகளில் அத்தகைய பிள்ளைகள் பலர். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், எவரையும் அவரது இசைவின்றி, சிறுவராயின் காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு கூறுகிறது.

2023 டிசம்பரில், மத்தியப் பிரதேசத்தின் சாஜாபூர் மாவட்டக் கல்வி அலுவலகம், பெற்றோரின் எழுத்துமூல இசைவின்றிச் சிறுவர்க்குக் கிறிஸ்துமஸ் வேடம் புனையலாகாதென ஆணையிட்டது. நம்மவர் மனம் புண்பட்டனர், அதில் நியாயமுண்டு. ஒரு சமயத்தாரின் விழாவுக்கு மட்டும் விதிக்கப்படும் நிபந்தனையில் ஐயப்பாடே மேலோங்கி நிற்கிறது. ஆயினும் இசைவு கேட்பது தவறா? தவறன்று. பிற சமய மாணவர்மீது நம் மரபுகளைத் திணிக்கலாகாதென, 2024 ஏப்ரலில், இந்திய ஆயர் பேரவையே நம் பள்ளிகளுக்கு நெறிமுறை வகுத்தளித்தது.

குடிலைக் காண்பது ஒன்று. அதன்முன் முழந்தாளிடுவது வேறொன்று. முன்னதை வகுப்பு வேளையிலேயே நடத்தலாம். பொங்கலையும் ரமலானையும் அவ்வாறே பிள்ளைகள் அறியலாம். பின்னதற்கு ஆலயம் இருக்கிறது.

எஞ்சியிருப்பது நேரக் கணக்கு. அதில் நாம் அத்துணை நேர்மையாய் இல்லையென்றே தோன்றுகிறது. ஆகஸ்டு 5, பனிமய அன்னையின் பெருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடும் மாவட்ட ஆட்சியர், ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவது வழக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகையில் நாடக ஒத்திகைக்கென நாம் எடுத்துக்கொள்ளும் கணிதப் பாடவேளைகளை எந்தச் சனிக்கிழமை ஈடுசெய்கிறது? மாலை மணிக்குப்பின் வைக்கலாமெனில், தொலைவூர்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை விடுபட்டுப்போகும். விழா நாளன்று கடைசி இரு பாடவேளைகள் போதும். ஒத்திகையைச் சனிக்கிழமைக்கு மாற்றி, விரும்பும் பிள்ளைகளை மட்டும் அழைக்கலாம்.