மூத்தவர் பூசாரியான கதை

'பிரீஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் பலிபீடம் தோன்றுகிறது. அங்கி அணிந்து, ஆண்டவனுக்கும் அடியவனுக்கும் நடுவே நிற்கும் ஓர் ஆளும் தோன்றுகிறார். அச்சொல்லின் வேரைத் தோண்டினாலோ, பீடமும் இல்லை, பலியும் இல்லை! 'பிரெஸ்புட்டெரோஸ்' எனும் கிரேக்கச் சொல் அது. பொருள், வயதில் மூத்தவர், அவ்வளவே. இலத்தீனில் 'பிரெஸ்பிட்டர்' ஆகி, ஆங்கிலத்தில் 'பிரீஸ்ட்' எனக் குறுகிற்று. பலியிடும் பூசாரிக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் வேறு: 'ஹியரேயுஸ்'. சபையார் கூடி உண்ட விருந்து, காலப்போக்கில் பலி எனக் கருதப்பட்டது. விருந்துக்குத் தலைமை தாங்கிய மூத்தவர் பலியிடுவோர் ஆனார். பெரியவரின் பெயரைப் பூசாரி எடுத்துப் போர்த்திக்கொண்டார்!

இதனை உணர்ந்தவர் வில்லியம் டிண்டேல். 1526இல் அச்சான தம் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், 'பிரெஸ்புட்டெரோஸ்' வரும் இடத்தில் 'பிரீஸ்ட்' என எழுத மறுத்து, மூத்தவர் எனப் பொருள்படும் சொல்லையே இட்டார். சீறினார் தாமஸ் மோர். ஒரு சொல்லுக்கா இத்தனை சீற்றம்? சொல் பெயர்ந்தால் பீடமும் ஆடும் என்பதை அறிந்தவர் அவர். 1536இல், சமயத் துரோகி என்ற தீர்ப்பின்பேரில், டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. நம் விவிலியத்தில் மூத்தவர் 'மூப்பர்'; பலியிடுவோர் 'ஆசாரியர்'. மக்கள் வழங்கும் 'பாதிரி'யோ, தந்தை எனப் பொருள்படும் 'பாத்ரே' என்ற போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளை. ஆங்கிலேயரும் இந்திய மண்ணில் அச்சொல்லைப் பழகித் தம் படைக் குருமாரை அவ்வாறே அழைக்கலாயினர்.

சொல் தெளிவாயிற்று, செயல்? நம் கீழ்வேளூருக்குக் கிழக்கே நாகப்பட்டினம். அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706இல் கரையிறங்கிய ஊர். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர். அங்கே 1733இல் ஆரோன் என்பார் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர், வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்பவர் ஊர் ஊராய்ச் சென்று போதித்தார். தஞ்சை மன்னரின் படைவீரராய் இருந்தவர். அச்சிட்ட தமிழ் நூலைப் படித்து அச்சபைக்கு வந்தவர். தகுதியில் குறையென்ன? ஒன்றுமில்லை, ஆனால் அவர் ஆதித்திராவிடர்! அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர் அதை மதிப்பார்களா என்று தயங்கினர் ஐரோப்பியப் பாதிரிமார். இறைவனின் இரத்தம் எனச் சொல்லிக் கொடுக்கும் கிண்ணத்திலும் சாதி பார்த்தது தமிழ்நாடு!

1741இல் இரண்டாவது தமிழ்க் குருவாகத் தியோகோ பட்டம் பெற்றார். இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.